பென்டன் கிராசிங் ரோடு வெந்நீர் ஊத்து: அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போலாமா?

சான்ஹோசே_செந்தில்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா மன்னார்குடிலேர்ந்து வந்திருக்காங்க, செப்டம்பர் கடைசில லீவு போட்டு அவங்கள கலிஃபோர்னியா கிழக்கால போற 395 ஹைவே பக்கம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். யோசெமிட்டி வழியா டயோகா பாஸ் ஏறி இறங்கி மோனோ லேக் பாத்துட்டு மேமத் லேக்ஸ்ல ரூம் போட்டிருக்கேன். அங்கேர்ந்து கொஞ்சம் தெக்க பென்டன் கிராசிங் ரோட்டுல மாடு மேயிற பொட்டல்ல வெந்நீர் ஊத்து நெறைய இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், அத அப்பாகிட்ட சொன்னதுலேர்ந்து அவருக்கு வேற எதுலயும் மனசு போகல, எப்ப போறோம் எப்ப போறோம்னு கேட்டுட்டே இருக்கார்.

அப்பாக்கு 68 வயசு, பி.பி. மாத்திரை சாப்பிடறார். அம்மாக்கு முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. அங்க துணி இல்லாம குளிப்பாங்கன்னு வேற கேள்விப்பட்டேன், அம்மா இருக்கறப்ப அது சங்கடமா இருக்குமோன்னு யோசனை. நம்ம கேம்ரி கார் போற ரோடுதானா? ஏற்கனவே போனவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மலைச்சாரல்:
செந்தில் தம்பி, தாராளமா கூட்டிட்டுப் போங்க. செப்டம்பர் கடைசி அங்க நல்ல சீசன், பகல்ல வெயில் இதமா இருக்கும், விடியக்காலைல குளிர் பல்லைக் கிட்டும், அந்தக் குளிர்ல வெந்நீர்ல இறங்கற சுகம் வேற எப்பவும் கெடைக்காது.

வழி சொல்றேன். மேமத்லேர்ந்து 395ல தெக்க வந்தா ஏர்போர்ட் தாண்டி இடது பக்கம் பச்சை கலர்ல ஒரு சின்ன சர்ச் தெரியும், அதான் அடையாளம், அங்க திரும்பினா பென்டன் கிராசிங் ரோடு. மெயின் ரோடு தார் ரோடு, கேம்ரி தாராளமா போகும். ஊத்துக்குப் பிரியற மண் ரோடுங்கதான் பிரச்சனை, சிலது பள்ளமும் கல்லுமா இருக்கும், அடி தட்டும். நீங்க வண்டிய பிரிவுலயே ஓரமா நிறுத்திட்டு நடந்தா போதும். ஆனா ஓரமான்னா செடி மேல ஏத்தி இல்ல, ஏற்கனவே வண்டி நிறுத்தி நிறுத்தி மண்ணா ஆன இடத்துல மட்டும்.

போற வழில ரோட்டுக்குக் குறுக்க இரும்பு பைப்பு வரிசையா பதிச்சு கீழ குழி வெட்டியிருப்பாங்க, வண்டி போறப்ப தடதடன்னு சத்தம் வரும். அது மாடு தாண்டாம இருக்கப் போட்டது, குளம்பு உள்ள மாட்டிக்கும்னு மாடு அதுல கால வைக்காது. அத தாண்டினா நீங்க மேய்ச்சல் நிலத்துக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம், அங்கேர்ந்து மெதுவா போங்க. மத்த பிரிவு ரோடுங்கள்ல வேலிக் கதவு, அதான் கேட்டு, இருந்தா ஒரே விதி, திறந்து கெடந்தா திறந்தே விட்டுட்டுப் போங்க, மூடி இருந்தா தாண்டின உடனே மூடிருங்க. திறந்து கெடக்கறத நல்லது பண்றதா நெனச்சு மூடினீங்கன்னா மாடு தண்ணிக்குப் போற வழிய அடைச்ச மாதிரி ஆயிரும்.

ஊத்துங்கள்ல வைல்ட் வில்லீஸ்தான் பெரிசு, பார்க்கிங்லேர்ந்து பலகைப் பாதை போட்டிருக்காங்க, அம்மா மெதுவா நடந்துருவாங்க. ஹில்டாப்புன்னு ஒண்ணு, சின்ன மேடு மேல அஞ்சாறு பேர் உக்கார்ற மாதிரி சிமெண்ட் தொட்டி, அங்கேர்ந்து சுத்தி எல்லா மலையும் தெரியும். வார நாள்ல காலைல 6 மணிக்கெல்லாம் போயிருங்க, சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

கல்லும்_மண்ணும்:
அந்த இடத்தப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கோங்க. அந்தப் பொட்டல் சாதாரண பள்ளத்தாக்கு இல்ல, லாங் வேலி கால்டெராங்கற பிரம்மாண்டமான எரிமலை வாய். சுமார் 7,60,000 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சுது, உள்ள இருந்த குழம்பு அத்தனையும் வெளிய கொட்டினதும் மேல்தளம் அப்படியே உள்ள உக்காந்துருச்சு, அந்தப் பள்ளம்தான் கிழக்கு மேற்கா கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர் நீளம். அப்ப கொட்டின சாம்பல் இறுகி ஆன பாறையத்தான் பிஷப் டஃப்ன்னு சொல்றாங்க, நீங்க தெக்க பிஷப்ங்கற ஊருக்கு இறங்கறப்ப ரோட்டோரம் வெட்டின எடத்துல வெளிர் சிவப்பா தெரியும், அப்பாக்குக் காட்டுங்க.

வெந்நீர் எங்கேர்ந்து வருதுன்னா, மேற்கால இருக்கற சியரா மலைல பெய்யற பனியும் மழையும் உருகி பாறை இடுக்கு வழியா ஆழத்துக்குப் போகுது, அங்க சூடான பாறைல காஞ்சு, நிலத்தடிலயே கிழக்கப் பாத்து நகர்ந்து, வர்ற வழில குளிர்ந்த தண்ணி கலந்து கலந்து சூடு கொறஞ்சு இந்தப் பொட்டல்ல எங்கெல்லாம் விரிசல் இருக்கோ அங்கெல்லாம் மேல வருது. அதனாலதான் மேற்கால காசா டியாப்லோல அந்தச் சூட்ட வெச்சு கரண்ட் எடுக்கறாங்க, கிழக்கால நாம குளிக்கிறோம். ரெண்டும் ஒரே தண்ணிதான்.

ஆனா இந்தத் தண்ணிய நம்பக் கூடாது. பக்கத்துலயே ஹாட் கிரீக்ன்னு ஓடை இருக்கு, ஒரு காலத்துல ஜனங்க கூட்டம் கூட்டமா நீந்தின எடம். 2006ல திடீர்னு கொதிதண்ணி பீச்சியடிக்க ஆரம்பிச்சுது, புதுப்புது ஊத்து ஓடையோட தரையிலயே திறந்துச்சு, வனத்துறை இறங்கவே கூடாதுன்னு மூடிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். அதுக்கு முன்னாடியே அங்க வெந்து செத்தவங்க உண்டு. மேலேர்ந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க, நீலமும் பச்சையுமா கொதிக்கறது கண்ணுக்கு விருந்து. பொட்டல்ல பேர் தெரியாத குட்டை எது ஆவி விட்டாலும் கிட்டப் போகாதீங்க, ஓரத்து மண்ணு மேல ஓடு மாதிரி இருக்கும், கீழ என்ன இருக்குன்னு தெரியாது. குழந்தைங்க இருந்தா கைய விடவே விடாதீங்க.

சான்ஹோசே_செந்தில்:
மலைச்சாரல் அண்ணா, கல்லும் மண்ணும் சார், ரொம்ப நன்றி. இந்த நிலம் யாருக்குச் சொந்தம்? பண்ணைக்காரங்க நிலத்துல நாம நுழையறோமா, இல்ல அரசாங்க நிலமா? அத்துமீறி நுழைஞ்சதா ஆயிடக் கூடாதில்லையா.

395_பழகினவர்:
தம்பி, இந்தக் கேள்விய கேட்டதுக்கே உங்கள பாராட்டணும், வர்றவங்கள்ல பாதிப் பேர் கேக்கறதே இல்ல. பதில் கொஞ்சம் சிக்கல்.

அங்க ஒரு பகுதி பிஎல்எம், அதாவது மத்திய அரசோட நிலத்துறை கையில இருக்கு. ஒரு பகுதி வனத்துறை. ஆனா பெரிய பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம்! 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஊருக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டா, தண்ணி. 1913ல ஓவன்ஸ் பள்ளத்தாக்குத் தண்ணிய கால்வாய் போட்டு லாஸ் ஏஞ்சலசுக்கு எடுத்துட்டுப் போனாங்க, அந்தத் தண்ணி உரிமைக்காக விவசாயிங்ககிட்டேர்ந்து நிலத்த வாங்கி வாங்கி இன்னிக்கு இன்யோ, மோனோ ரெண்டு கவுண்டிலயும் (நம்ம மாவட்டம் மாதிரி) சேத்து 3 லட்சம் ஏக்கருக்கு மேல அந்த நகரத்துத் தண்ணீர் மின்சாரத் துறை வெச்சிருக்கு. நீங்க பாக்கப் போற குரோலி லேக்கும் 1941ல அவங்க கட்டின அணைதான்.

அந்த நிலத்த அவங்க பண்ணைக்காரங்களுக்கு மேய்ச்சலுக்கு குத்தகைக்கு விடறாங்க. நாம பாக்கற மாடு, வேலி, தண்ணித் தொட்டி எல்லாம் குத்தகைக்காரங்களது. வெயில் காலத்துல மாட்ட இங்க மேல கொண்டு வருவாங்க, பனி விழறதுக்கு முன்னாடி கீழ எறக்கிருவாங்க. 2018ல இந்தக் குத்தகை நிலத்துக்குப் புல்லு வளக்க விடற தண்ணிய நிறுத்தப் போறதா நகரத்துத் துறை சொன்னப்ப மோனோ கவுண்டியே கோர்ட்டுக்குப் போச்சு. புல்வெளி காஞ்சா மாடு மட்டும் இல்ல, அங்க இருக்கற சேஜ் க்ரௌஸ்ங்கற பறவைக்கும் போக்கிடம் இல்லாம போயிரும், அதுக்காக சியரா கிளப்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பும் வழக்குல சேந்துச்சு. பண்ணைக்காரரும் பறவைக்காகப் பேசறவங்களும் ஒரே பக்கம் நின்ன வழக்கு அது.

உங்களுக்கு இது எதுக்குன்னா, நடந்து போறது, குளிக்கறது, பகல்ல இருக்கறது பிரச்சனை இல்ல. ஆனா நகரத்து நிலத்துல ராத்திரி தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. பிஎல்எம் நிலத்துல சில எடத்துல கூடாரம் போடலாம், சில எடத்துல கூடாது, ஊத்துப் பக்கத்துல எங்கயுமே போடாதீங்க, போர்டு வெச்சிருப்பாங்க படிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, அந்த ஊத்து வழிஞ்சு ஓடற தண்ணிதான் மாடும் மானும் குடிக்குது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் ஆகாது. நம்மாளுங்க தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு எறங்கறத பாத்திருக்கேன், அது தொட்டி பூரா மிதக்கும், ஓடிட்டே இருக்கற தண்ணி இல்ல அது, ரொம்ப மெதுவாத்தான் மாறும். அந்தத் தொட்டிங்கள கட்டினதும் கழுவறதும் சம்பளத்துக்கு இல்ல, உள்ளூர் ஜனங்க தாங்களா வந்து தண்ணிய வடிச்சு பாசிய தேச்சு விட்டுட்டுப் போறாங்க.

மருந்துப்பொட்டி:
நான் ஐசியூ நர்ஸ். அப்பா விஷயத்துக்கு மட்டும் சொல்றேன் செந்தில். வெந்நீர்ல உக்காந்தா ரத்தக்குழாய் விரியும், பி.பி. இறங்கும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடறவருக்கு இன்னும் இறங்கும். உள்ள இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, எந்திரிச்சு நிக்கறப்பதான் தலை சுத்தும், கல்லு வழுக்கும், அங்க விழுந்தா ஆம்புலன்ஸ் வர நேரம் ஆகும். அதோட அந்த எடம் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், ஊட்டி உயரம்னு வெச்சுக்கங்க, ஒடம்புல தண்ணி சீக்கிரம் வத்தும்.

அதனால கெளம்பறதுக்கு முன்னாடி அவரோட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. சரின்னு சொன்னா, பத்து நிமிஷம் இருந்துட்டு மேல ஓரத்துல உக்காரட்டும், தண்ணி குடிக்கட்டும், வேணும்னா மறுபடி இறங்கட்டும். எந்திரிக்கறப்ப நீங்க கைய புடிச்சுக்கங்க. குளியல் தொட்டிக்கு இங்க பொதுவா சொல்ற உச்ச சூடு 40 டிகிரி, அதுக்கு மேல வேணாம். இறங்கறதுக்கு முன்னாடி நீங்க கைய வெச்சுப் பாருங்க, நேத்து இதமா இருந்த தொட்டி இன்னிக்குச் சுடலாம். சர்க்கரை இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்கும், சூடு தெரியாமயே வெந்துரும், அவங்க கால வெச்சு சோதிக்கவே கூடாது. கர்ப்பமா இருக்கறவங்க தவிர்க்கறது நல்லது.

டொரண்டோ_திருமலை:
இந்த இழைய வாசிக்க எனக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது. நாங்கள் சின்னனில திருகோணமலையில கன்னியாக்குப் போறனாங்கள். ஏழு கிணறு, பக்கத்துப் பக்கத்தில, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. அங்க இறங்கிக் குளிக்கிறதில்லை, வாளியால அள்ளித் தலையில ஊத்திறதுதான். எங்கட சனத்துக்கு அது குளிக்கிற இடம் மட்டும் இல்லை, செத்த ஆக்களுக்குக் கிரியை செய்யிற இடமும் அதுதான்.

நானும் மனுசியும் வாற வருசம் கலிஃபோர்னியாப் பக்கம் வர யோசிக்கிறம். உந்தத் தொட்டியளுக்க தலை முழுகலாமோ? எனக்குத் தலையில வெந்நீர் படாட்டிக் குளிச்ச மாதிரியே இராது.

மருந்துப்பொட்டி:
அண்ணா, தலைய முக்கவே முக்காதீங்க. கேரளால இப்ப சில வருஷமா மூளையத் தின்னற அமீபான்னு செய்தி வருதே, அதே நெக்லேரியா இந்த மாதிரி வெதுவெதுப்பான நல்ல தண்ணிலதான் வளரும், 46 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும். வாய் வழியா உள்ள போனா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா மேல ஏறினாதான் மூளைக்குப் போகும். ரொம்ப ரொம்ப அரிது, ஆனா வந்தா கிட்டத்தட்ட யாரும் பொழைக்கறதில்ல. கழுத்து வரைக்கும் உக்காந்தா போதும், மூக்குல தண்ணி போகாம பாத்துக்கங்க, குழந்தைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி அடிச்சு வெளையாட விடாதீங்க. வாளில அள்ளித் தலைல ஊத்தறதும் வேணாம், அதுவும் மூக்குல இறங்கும்.

கல்லும்_மண்ணும்:
ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாக்கறதும் வேணாம். அந்தத் தண்ணில இயற்கையாவே ஆர்செனிக் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய்த் தண்ணில வர்ற ஆர்செனிக்குக்கு முக்கியக் காரணமே இந்த ஹாட் கிரீக் பக்கத்து வெந்நீர்தான், அத எடுக்கறதுக்கு வழில தனியா சுத்திகரிப்பு பண்றாங்க. குளிக்கறதுல பயம் இல்ல, குடிக்கத்தான் கூடாது.

கயல்_ரீனோ:
அம்மா விஷயத்துக்கு நான் சொல்றேன் செந்தில். ஆமாங்க, துணியில்லாம குளிக்கறவங்க இருப்பாங்க, காலங்காலமா அங்க அது வழக்கம். அவங்க யாரையும் உத்துப் பாக்கறதில்ல, நாமளும் பாக்கக் கூடாது, கேமரா வெளிய எடுக்கவே கூடாது. துணியோட எறங்கினாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. தொட்டில ஏற்கனவே ஆள் இருந்தா, வரலாமான்னு கேட்டுட்டு எறங்கறது அங்க மரியாதை. நாலு பேர் இருக்கற சின்னத் தொட்டில நாம அஞ்சு பேர் போய் நிக்கறது சரியில்ல, தள்ளி நின்னு காத்திருக்கலாம், அவங்களே கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுருவாங்க.

அம்மாக்கு கருப்பு லெக்கிங்க்ஸ், மேல ஒரு காட்டன் டீ ஷர்ட் போதும். நைட்டி வேணாம், தண்ணில மேல மிதக்கும், ஏறி இறங்கறப்ப காலத் தட்டும். உடை மாத்த ரூம் கெடையாது, டாய்லெட்டும் எல்லா எடத்துலயும் கெடையாது, மேமத்துலயே எல்லாம் முடிச்சுட்டுக் கெளம்புங்க. ஒரு பழைய புடவை எடுத்துட்டுப் போங்க, காரோட ரெண்டு கதவுக்கு நடுவுல பிடிச்சா நல்ல மறைப்பு. வெள்ளி நகை, கொலுசு கழட்டி வெச்சுருங்க, கந்தகத் தண்ணில கருத்துப் போகும்.

அதுவும் அம்மாக்கு ஒத்து வராதுன்னா அருமையான வழி இருக்கு. பென்டன் கிராசிங் ரோட்டுலயே கடைசி வரைக்கும் போனா 120 ஹைவேல சேரும், அங்கேர்ந்து பென்டன் ஹாட் ஸ்பிரிங்ஸ். நெவாடா எல்லைக்குப் பக்கத்துல பழைய வெள்ளிச் சுரங்க காலத்து ஊரு, தனியாருக்குச் சொந்தமானது, முன்கூட்டியே புக் பண்ணணும், ஒவ்வொரு கேம்ப் எடத்துக்கும் தனித்தனி டப் குடுக்கறாங்க. உங்க குடும்பம் மட்டும் இருப்பீங்க, அம்மா நிம்மதியா உக்காரலாம். அந்தப் பக்கம் பையூட் பழங்குடி மக்கள் ஊரு, சுரங்கக்காரங்களும் பண்ணைக்காரங்களும் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடிலேர்ந்து இந்த வெந்நீர் அவங்களோடது, இன்னிக்கும் உட்டு உட்டு குவைட்டு பையூட்டுங்க அங்கதான் வாழறாங்க. இன்னொரு எடம் பிஷப்புக்குத் தெக்க கியோஸ், 1919லேர்ந்து நடக்குது, டிக்கெட் எடுத்துப் போற பெரிய நீச்சல் குளம், நீச்சல் உடை கட்டாயம், குழந்தைங்களுக்கு அதான் சரி.

ஊர்சுத்தி:
எல்லாரும் நல்ல மனசோடதான் எழுதறீங்க, ஆனா எனக்கு ஒரு வருத்தம், சொல்லாம இருக்க முடியல. ஏன் பேரெல்லாம் போட்டு எழுதறீங்க? நான் பல வருஷமா அந்தப் பக்கம் போறேன். முன்னெல்லாம் விடியக்காலைல போனா மாடு மட்டும்தான் இருக்கும். இப்ப வரிசையா வேன் நிக்குது, செடிப் புதர் பின்னாடி டிஷ்யூ பேப்பர், தொட்டிக்குள்ள ஒடஞ்ச பீர் பாட்டில் கண்ணாடி, வெறுங்கால்ல எறங்கற எடத்துல கண்ணாடி! பார்க்கிங் நெறஞ்சா புல்வெளில ஏத்தி நிறுத்தறாங்க, அந்த டயர் தடம் வருஷக் கணக்குல ஆறாது. இப்படியே போனா ஒரு நாள் வேலி போட்டு மூடிருவாங்க. தயவு செஞ்சு பேர எடுத்துருங்க.

மலைச்சாரல்:
ஊர்சுத்தி, உங்க வருத்தம் எனக்கும் உண்டு, கண்ணாடிய நானும் பொறுக்கியிருக்கேன். ஆனா இந்தப் பேரெல்லாம் மேப்புலயே இருக்கு. போன்ல தட்டினா பச்சை சர்ச்லேர்ந்து தொட்டி வாசல் வரைக்கும் வழி சொல்லுது. மேப்பு என்ன சொல்லாதுன்னா கேட்ட மூடு, எண்ணெய் வெக்காதே, மாட்டுக் கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போகாதே, பாட்டில் கொண்டு போகாதே. போட்டோவ மட்டும் பாத்துட்டு வர்றவனுக்கு இது எதுவும் தெரியாது. செந்தில் இங்க வந்து கேட்டதால இப்ப அவருக்கு எல்லாம் தெரியும், அவரோட வர்றவங்களுக்கும் தெரியும். பேர மறைச்சா கூட்டம் கொறையாது, தெரிஞ்சுட்டு வர்றவங்க கொறைவாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம ஆளுங்க பலருக்கு இந்த ஊரு காட்டுக்குள்ள போறதுக்கே ஒரு தயக்கம் இருக்கு, நாம போனா ஏதாவது சொல்லுவாங்களோ, அது நமக்கான எடம் இல்லையோன்னு. ரகசியமா வெச்சா ஏற்கனவே தெரிஞ்ச வட்டத்துக்குள்ளயே சுத்தும். பொது நிலம் எல்லாருக்கும் பொதுதான்.

ஊர்சுத்தி:
எல்லாருக்கும் பொதுன்றதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல அண்ணா, நான் யாரையும் தடுக்கணும்னு சொல்லல. ஆனா பொது நிலம்னாலும் தாங்கற அளவுன்னு ஒண்ணு இருக்கில்லையா, அஞ்சு பேர் உக்கார்ற தொட்டிக்கு அம்பது பேர் வந்தா எல்லாரும் நல்லவங்களா இருந்தாலும் அந்த மண்ணு தாங்காது. மேப்புல பேரோட இருக்கற, பலகைப் பாதை போட்ட, பார்க்கிங் உள்ள எடங்கள எழுதுங்க, அது இனிமே ரகசியம் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா பேர் இல்லாத சின்னக் குட்டைங்க இன்னும் சிலது அங்க இருக்கு, பாதை கூட கெடையாது, மாட்டுத்தடம்தான். அதோட இருப்பிடத்த யாரும் இங்க போடாதீங்க, போட்டோவுலயும் இடக்குறி வெக்காதீங்க. இத மட்டும் கேக்கறேன்.

395_பழகினவர்:
இது நியாயம். நான் இதுக்குக் கட்டுப்படறேன், மத்தவங்களும் கட்டுப்படணும்னு கேட்டுக்கறேன். பார்க்கிங் நெறஞ்சிருந்தா திரும்பிப் போயிருங்கன்னும் சேத்துக்கங்க. மேல ஏத்தி நிறுத்தறதவிட மதியமா திரும்பி வர்றது மேல்.

மருந்துப்பொட்டி:
நானும் சரி. ராத்திரி போறவங்களுக்கும் ஒண்ணு, நெத்தி லைட்ட சிவப்புல வெச்சுக்கங்க, தொட்டில இருக்கறவங்க கண்ணு கூசாது, நட்சத்திரமும் தெரியும்.

கயல்_ரீனோ:
ராத்திரி வண்டி ஓட்டறதப் பத்தியும் சொல்லிடறேன், எங்க நெவாடா பக்கம் வர்றவங்களுக்கு. இங்க ஆஸ்டின் ஊருக்குப் பக்கத்துல ஸ்பென்சர்னு ஒரு ஊத்து இருக்கு, மாட்டுக்குத் தண்ணி வெக்கற தகரத் தொட்டியவே குளிக்கறதுக்குப் போட்டிருக்காங்க, சுத்தி காட்டுக் கழுதைங்க மேயும். இங்க நெறைய எடத்துல வேலியே கெடையாது, சட்டப்படி மாடு ரோட்டுல நிக்கலாம், மோதினா நஷ்டம் நம்ம மேலதான் விழும். கருப்பு ஆங்கஸ் மாடு இருட்டுல லைட் வெளிச்சத்துல கூட கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது. வெந்நீர்ல ஊறிட்டு ஒடம்பு அசந்து போயிருக்கறப்ப இருட்டுல ஓட்டாதீங்க.

சான்ஹோசே_செந்தில்:
போயிட்டு வந்துட்டோம்! எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, ஒவ்வொருத்தர் சொன்னதும் அப்படியே உதவுச்சு. அப்பாவோட டாக்டர்கிட்ட போன்ல கேட்டோம், பத்துப் பத்து நிமிஷமா இருக்கலாம்னார். வார நாள்ல விடியறதுக்கு முன்னாடி வைல்ட் வில்லீஸ் போனோம், ஒரு வயசான தம்பதி மட்டும் இருந்தாங்க, வரலாமான்னு கேட்டோம், நகந்து எடம் விட்டாங்க. அப்பா கழுத்து வரைக்கும் உக்காந்து சூரியன் மலை மேல படறத பாத்துட்டே இருந்தார். அம்மா மொதல்ல கால மட்டும் போட்டு உக்காந்தாங்க, அந்தப் பாட்டி சிரிச்சு கைய நீட்டினதும் இறங்கிட்டாங்க, மொழி தெரியாமயே ரெண்டு பேரும் முட்டி வலிய காட்டிக் காட்டிப் பேசிக்கிட்டாங்க.

திரும்பறப்ப பண்ணைக்காரர் ஒருத்தர் பிக்கப்ல வந்து தண்ணித் தொட்டிய பாத்துட்டிருந்தார். அப்பா ஊர்ல மாடு வெச்சிருந்தவர், சும்மா இருப்பாரா, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி ஒரே கேள்வி. எத்தனை லிட்டர் கறக்கும்னு கேட்டார். கறக்கறதே இல்ல, பால் பூரா கன்னுக்குத்தான், கன்ன இலையுதிர் காலத்துல விப்போம்னு அவர் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் யோசிச்சார். காதுல மாட்டியிருக்கற நம்பர், இடுப்புல போட்ட சூட்டு அடையாளம், கல்லு மாதிரி வெச்சிருக்கற உப்புக்கட்டி எல்லாத்தையும் பத்தி கேட்டுக்கிட்டார். பனிக்கு முன்னாடி மாட்ட கீழ எப்படி எறக்குவீங்கன்னு அப்பா கேட்டப்ப, லாரிலன்னு அவர் சொன்னார், அவங்க தாத்தா காலத்துல நாள் கணக்குல ஓட்டிட்டே போவாங்களாம். கடைசில நான் ஒரு விஷயம் கேட்டேன், எங்கள மாதிரி வர்றவங்களால உங்களுக்குத் தொந்தரவான்னு. வேலிக் கேட்ட மூடுறவங்களால ஒரு தொந்தரவும் இல்ல, நாய அவுத்து விடறவங்களாலதான்னு சொன்னார். கன்னுங்கள தொரத்தி முள்கம்பில மாட்ட வெச்சுருதாம்.

மறுநாள் பென்டன்ல தனி டப்புல அம்மா எந்திரிக்கவே இல்ல. கயல் மேடம், உங்களுக்கு அம்மா தனியா நன்றி சொல்லச் சொன்னாங்க.

ஊர்சுத்தி:
செந்தில், படிச்சு மனசு நெறஞ்சுது. நாய் விஷயத்த எல்லாரும் கவனிச்சுக்கங்க, கயித்துல இல்லாம நாய எறக்காதீங்க. நாய்க்கும் நல்லதில்ல, குட்டைல குதிச்சு வெந்து போன நாய்ங்க உண்டு.

டொரண்டோ_திருமலை:
தம்பி, அப்பா அம்மா சந்தோசமா இருந்தது கேக்க நல்லாயிருக்கு. நாங்கள் மாசி பங்குனியிலதான் வரலாம் போல கிடக்கு. பனிக்கால முடிவில உந்தப் பக்கம் போக ஏலுமோ? எங்களுக்குக் கனடாக் குளிர் பழக்கம்தான்.

மலைச்சாரல்:
குளிர் பிரச்சனை இல்லண்ணா, ரோடுதான் பிரச்சனை. டயோகா பாஸ் அப்ப மூடியிருக்கும், அதனால சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துலேர்ந்து நேரா வர முடியாது, ரீனோ வழியாவோ லாஸ் ஏஞ்சலஸ் வழியாவோ 395க்கு வரணும். பென்டன் கிராசிங் ரோட்டையும் கடும் பனிக்கு மூடுவாங்க, கெளம்பற அன்னிக்குக் காலைல கவுண்டி சாலை நிலவரம் பாத்துக்கங்க. பனி உருகற நேரத்துல மண் ரோடெல்லாம் சேறு, அதுல வண்டிய விட்டா மாட்டிக்கும், மாட்டாட்டியும் ஆழமா தடம் விழுந்து வெயில்ல அப்படியே காஞ்சு கெட்டியாயிரும், பண்ணைக்காரங்க வண்டி அதுல தடுமாறும். அதனால தார் ரோட்டு ஓரத்துல எடம் இருந்தா மட்டும் நிறுத்திட்டு பூட்ஸ் போட்டு நடங்க, இல்லன்னா கியோஸ் போயிருங்க, அது பிஷப்புக்குக் கீழ தாழ்வான எடத்துல இருக்கு, பனி அவ்வளவா நிக்காது. திறந்திருக்கற நாள் மாறும், போன் பண்ணி கேட்டுட்டுக் கெளம்புங்க. அம்மாவும் நீங்களும் வர்ற தேதி முடிவானதும் இங்க எழுதுங்க, அந்த வாரம் நான் பிஷப் பக்கம் இருந்தா நேர்ல வந்து வழி காட்டறேன்.

டொரண்டோ_திருமலை:
அம்மா இல்லை தம்பி, மனுசியும் நானும். கட்டாயம் எழுதுறன்.